ஏற்புரைக்கு ஐந்து நிமிடம்

ஆடிப் பெருக்கை ஒட்டிக் கொல்லிமலைச் செம்மேட்டில் சங்ககாலத் தலைவன் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுப்பார்கள். குதிரைமேல் வில்லோடு இருக்கும் சிலைக்கு மாலை விழும். மேடையேறுகிற எல்லோரும் ஒரே அம்பு யானையில் தொடங்கி உடும்பு வரை துளைத்த கதையைச் சொல்வார்கள். அந்தக் கதை வருகிற புறநானூற்று 152ஆம் பாட்டில் வன்பரணர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். எதிரே நிற்கும் வேட்டுவன் யாரென்று தெரியாமலே பாணர்கள் அவன்முன் பாடுகிறார்கள். பாட்டில் தன் பெயர் வந்ததும் அவன் நாணிப்போகிறான். பிறகு கறியும் பொன்னும் மணியும் கொடுத்து அனுப்புகிறான்.

யானையைத் துளைத்தவனுக்குப் புகழுரை கூசியிருக்கிறது. எனக்குப் பிடித்த ஓரி இவன்தான். ஊருக்காக உழைத்துத் தேய்ந்த பலரிடம் இந்தக் கூச்சத்தைப் பார்த்திருக்கிறேன். இவர்களை எப்படித்தான் கௌரவிப்பது?

நமக்குத் தெரிந்த வழி பாராட்டு விழா. கல்யாண மண்டபம், ஃபிளக்ஸ், பொன்னாடை, நினைவுப் பரிசு. அழைப்பிதழில் வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, பத்துப் பேர் வாழ்த்துரை என்று இறங்கி, கடைசியில் ஏற்புரை. அதற்குள் பந்தி தொடங்கியிருக்கும். விழா நாயகருக்கு ஐந்து நிமிடம் மிஞ்சும். அவரும் "எல்லாருக்கும் நன்றிங்க" என்று உட்கார்ந்துவிடுவார்.

நாமக்கல் பக்கம் அப்படி ஒரு விழாவில், முப்பது வருடம் ஊராட்சியைப் பார்த்துக்கொண்ட பெரியவர் ஒருவர் மேடையில் நான்கு வாக்கியம்கூடப் பேசவில்லை. சாப்பிட்டு முடித்து வெளித்திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவரிடம், பள்ளிக்கூடத்துக்கு இடம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். பங்காளிச் சண்டையில் கிடந்த நிலமாம் அது. "எடங் குடுக்க மாட்டேன்னவங்க ஊட்லதான் கண்ணு மொதல்ல போயி உக்காந்தேன். குடுக்கறேன்னவங்க எங்க போயிருவாங்க?" என்றார். பேச்சு இருட்டும் வரை நீண்டது. அண்ணனிடம் தனியாக, தம்பியிடம் தனியாக என்ன சொன்னார், யாருடைய மாமனாரைத் தூது அனுப்பினார், பத்திரம் பதியும் நாளில் யார் முறுக்கிக்கொண்டு போனார்கள் என்று எல்லாம் வந்தது. தன்னைப் பற்றிப் பேசச் சொன்னால் கூசுகிறவர்கள், தங்கள் வேலையைப் பற்றிக் கேட்டால் திறந்துகொள்கிறார்கள். மண்டபத்தில் இருந்தவர்களுக்கு இது எதுவும் கிடைக்கவில்லை. அவர்கள் கேட்டது "கல்விக் கண் திறந்த வள்ளல்" என்ற பட்டத்தை மட்டும்தான்.

பெயர் பெற்றவர்கள் விஷயத்திலும் இதே குறைதான். திருச்செங்கோட்டுக்காரர் டி.எம். காளியண்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். அரசியல் நிர்ணய சபை உறுப்பினர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர் என்று பத்திரிகைகள் எழுதியது இவரைப் பற்றித்தான். 1921 ஜனவரி 10இல் பிறந்து, நூறு வயதைக் கடந்து, 2021 மே 28இல் மறைந்தார். அவர் பெயரை எடுத்தாலே நம் பேச்சு டெல்லிக்குப் போய்விடுகிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அவர் சேலம் ஜில்லா போர்டு தலைவராக இருந்து ஊர் ஊராகப் பள்ளிகள் திறந்த காலம். அன்றைய சேலம் ஜில்லா இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாவற்றையும் உள்ளடக்கியது. தருமபுரி பிரிந்தது 1965இல், நாமக்கல் பிரிந்தது 1997இல். அவ்வளவு பெரிய ஜில்லாவில், வாத்தியாருக்கும் கட்டடத்துக்கும் பஞ்சமான காலத்தில், எந்த ஊருக்கு முதலில் பள்ளி என்று எப்படி முடிவு செய்வது? பிள்ளையை ஆடு மேய்க்க அனுப்பியவரிடம் என்ன பேசுவது? டெல்லி விவாதங்கள் அச்சில் இருக்கின்றன. இவற்றுக்கான விடைகள் பெரும்பாலும் மனிதர்களோடு போய்விடுகின்றன.

எழுதி வைத்ததால் தங்கியவையும் இங்கே உண்டு. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு என்று கிராமத்து மண்ணில் செய்த வேலை. அங்கிருந்தே 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகை வந்தது. கல்கி அதில் உடனிருந்து உழைத்தார். 1937 அக்டோபரில், ராஜாஜி மாகாணப் பிரதமராக இருந்தபோது, மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது சேலம் ஜில்லாவில்தான். அந்த முயற்சி சரியா தவறா என்று நாம் இன்று வாதாட முடிகிறது என்றால், செய்தவர்கள் செய்ததைச் சொல்லியும் வைத்ததால்தான்.

மோகனூரில் 1888இல் பிறந்த கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளைக்கு மரியாதை தாமதமாகத்தான் வந்தது. அரசவைக் கவிஞரானது 1949இல், அறுபதைக் கடந்த பின். பத்மபூஷண் 1971இல், அடுத்த ஆண்டு அவர் இல்லை. சென்னைத் தலைமைச் செயலக வளாகத்தில் பத்து மாடிக் கட்டடம் ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. நாமக்கல்லில் அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாகவும் நூலகமாகவும் இருக்கிறது. ஆனால் அவரை மனிதராக நமக்குத் தருவது அவரே எழுதிய 'என் கதை'தான். எல்லா ஊர்த் தலைவரும் கவிஞர் இல்லையே. அவர்களுக்காக வேறு யாராவது கேட்டு எழுத வேண்டும்.

பொன்னாடையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பொது வேலை என்று வீட்டை மறந்தவரின் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து அந்தக் கைதட்டலைக் கேட்பது நியாயமான கணக்குத் தீர்ப்பு. என் வருத்தம் வாழ்த்துரைகளின் மேல்தான். அவை பாடுபட்ட மனிதரைப் பிறவியிலேயே பெரியவராக ஆக்கிவிடுகின்றன. கேட்கிற இளைஞன், இது நமக்கு ஆகிற காரியமில்லை என்று எழுந்து போகிறான். அவர் தோற்ற தேர்தல், பாதியில் நின்ற குடிநீர்த் திட்டம், விரோதமாகிப் போன சொந்தக்காரர், பயந்துபோய் வாய் மூடிய ஒரு நாள், இவையும் தெரிந்தால்தான் அவர் செய்தது எவ்வளவு என்று புரியும். தானும் தொடங்கலாம் என்று தைரியமும் வரும்.

ஆகவே விழா எடுப்பவர்களுக்கு ஒரு யோசனை. வாழ்த்துரையை இரண்டு பேரோடு நிறுத்தி, மீதி நேரத்தை விழா நாயகருக்கே கொடுங்கள். தனியாக மைக் முன் நிறுத்தினால் கூசுவார். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேரை அருகில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். "யார் எதிர்த்தாங்க? காசு எங்கிருந்து வந்தது? எது முடியாமப் போச்சு?" செல்போனில் பதிவு செய்து, எழுதி, ஊர் நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள். முக்கியமாக, எண்பதாவது வயது வரை காத்திருக்காதீர்கள். கேட்டதைச் செய்துபார்க்கும் பிள்ளைகள் இடையில் சந்தேகம் வந்து திரும்பிப் போனால், பதில் சொல்ல அவர் இருக்க வேண்டும்.