நெருப்பு நீக்காத கருமை

அயல்நாட்டு ஓட்டல் ஒன்றில் சமையல் வேலை பார்க்கும் என் நண்பரின் மகன், விடுமுறைக்குத் திருவண்ணாமலைக்கு வந்திருந்தபோது, பெட்டியிலிருந்து எடுத்து வைத்த பொருள்களுக்கிடையே, மூடி முத்திரையிட்ட சிறிய கண்ணாடிப் புட்டியொன்றில் கன்னங்கரேலென்று இருந்த குழம்பைக் கண்டு, எண்பது வயதைக் கடந்த அவனுடைய பாட்டி, “இது என்னடா, கண்ணுக்கு இடுகிற மையா?” என்று கேட்டாள். கணவாயின் மை என்றும், இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அதைச் சோற்றில் கலந்து உண்கிறார்கள் என்றும் அவன் சொன்னதும் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். “பயப்படாதே பாட்டி, சூட்டில் காய்ச்சிச் சுத்தம் பண்ணினதுதான்” என்றான் பேரன். “காய்ச்சினால் மீன் மீனில்லாமல் போய்விடுமா?” என்றாள் அவள்.

பேச்சு அத்துடன் முடிந்துவிட்டது. ஆனால் பஞ்சபூத ஸ்தலங்களில் அக்கினிக்கு உரியதாகிய ஊரில் இருந்துகொண்டு, நெருப்பு எதைச் சுத்தி செய்கிறது, எதைத் தொடாமல் விட்டுவிடுகிறது என்று இத்தனை காலம் நான் யோசித்துப் பாராதது எனக்கே வியப்பாக இருந்தது.

பகை நெருங்கும்போது நீரில் கரும்புகை போலப் பீய்ச்சிவிட்டு அதன் மறைவில் தப்பிப் போவதற்காகக் கணவாய் தன் வயிற்றுக்குள் ஒரு சிறு பையில் சேமித்து வைத்திருக்கும் திரவமே அந்த மை. நம்முடைய தலைமயிருக்குக் கருமை தருகிற மெலனின் என்ற நிறப்பொருள்தான் அதற்கும் கருமை தருகிறது. நம் கடற்கரைகளில் ஊசிக்கணவாய் என்றும் ஓட்டுக்கணவாய் என்றும் பிரித்துச் சொல்லப்படும் இவ்வினத்தைச் சமைப்பவர்கள் பெரும்பாலும் மைப்பையைக் கிள்ளி எறிந்துவிடுகிறார்கள். ஆனால் அதே ஓட்டுக்கணவாயின் ஓடு ‘கடல் நுரை’ என்ற அழகிய பெயருடன் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கப்படுவதையும், மீன் வாடையே ஆகாத வீடுகளிலும் அதை மருந்தாக உரைத்து வைத்திருப்பதையும் பாட்டியிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மையில் நிறப்பொருள் மட்டுமின்றிப் புரதமும் கோழையும் கலந்திருப்பதால், வெறுமனே வைத்தால் அது சீக்கிரம் கெட்டுவிடும். ஆகையால் காய்ச்சுகிறார்கள். நீர் கொதிக்கும் 100 டிகிரிச் சூட்டில் கிருமிகளில் பெரும்பாலானவை மாண்டு போகின்றன. ஆனால் சில கிருமிகள் வித்துப் போலச் சுருண்டு, அந்தச் சூட்டையும் தாங்கிக் கிடந்து, காற்றுப் புகாத புட்டிக்குள் காலம் பார்த்து மறுபடியும் முளைக்கக் கூடியவை. அவற்றையும் அழிக்க வேண்டுமாயின் நீராவியை அழுத்தத்தில் அடைத்து 121 டிகிரி வரையில் ஏற்ற வேண்டும். இத்தனை நெருப்பைத் தாங்கி வெளிவந்த பின்னும் மை வெளுப்பதில்லை. போட்ட கருமை போட்டபடியே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில், பாறைக்குள் கல்லாய்ச் சமைந்து கிடந்த ஒரு பூர்வகாலத்துக் கடற்பிராணியின் மைப்பையைக் கரைத்து எலிசபெத் பில்பாட் என்ற மாது சித்திரம் எழுதியிருக்கிறாள் என்றால், அந்த நிறத்தின் உறுதியை என்னவென்பது!

இன்னொன்றும் உண்டு, என்னை அதிகமாகக் கலக்கியது அதுதான். கெட்டுப்போன பிறகு காய்ச்சினால், கெடுத்த கிருமிகள் சாகலாம். ஆனால் அவை ஏற்கெனவே கக்கிவிட்ட விஷங்களில் சில எத்தனை கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. மீன் அழுகத் தொடங்கும்போது பிறக்கும் ஹிஸ்டமின் என்பது அத்தகையது. அக்கினி இனி வரவிருக்கும் கேட்டைத் தடுக்கும். வந்துவிட்ட கேட்டைத் திருப்பியனுப்பாது.

பொன்னை உருக்கினால் மாசு நீங்கி ஒளிரும் என்ற உவமையிலேயே வளர்ந்துவிட்ட நமக்கு, சுத்தி என்றால் வெளுப்பு என்ற எண்ணம் ஊறிவிட்டது. சைவ சித்தாந்திகளோ இதைவிட நுட்பமாகச் சிந்தித்தவர்கள். ஆணவத்தை அவர்கள் இருள்மலம் என்றார்கள். அது அநாதியாகையால் முத்தி நிலையிலும் அழிந்தொழிவதில்லை, தன் சக்தி மடங்கிக் கிடக்கிறது என்றார்கள். தீட்சையினால், பல பிறவிகளில் சேர்ந்து குவிந்த சஞ்சித வினை வறுத்த வித்தைப் போல முளைக்கும் வலிவை இழக்கிறது. இப்பிறவியில் பலன் தரத் தொடங்கிவிட்ட பிராரத்த வினையோ உடலோடு இருந்து அநுபவித்தே தீர வேண்டியது என்றும் வகுத்தார்கள். புட்டிக்குள்ளிருந்த மையை நினைத்துக்கொண்டு இதைப் படித்தபோது, பல வருஷங்களாக ஏட்டுப் பேச்சாகவே இருந்த விஷயம் எனக்குக் கண்ணெதிரே நின்றது. கருமை போகவில்லை, கெடுக்கும் வலிவு போயிற்று; வித்து முளைக்காது; முன்பே ஊறிய நஞ்சுக்கு மட்டும் நெருப்பிடம் மருந்தில்லை. ஒருவனுக்கு இழைத்த தீங்கைப் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்தில் கரைத்துவிடலாம் என்று நம்பி நடப்பவர்களை நான் அறிவேன். அவர்கள் மலையைச் சுற்றி வந்த கையோடு, தீங்குக்கு ஆளானவன் வீட்டுக்கும் நடந்து போக வேண்டும் என்பதே என் துணிபு.

பாட்டியின் கேள்வியும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. ஜீவகாருண்யத்தை முன்னிட்டு ஊன் மறுப்பவளுக்கு எந்தச் சூடும் விடையாகாது. கொன்ற பின் காய்ச்சியதால் கொலை இல்லையென்று ஆகிவிடாது. அவள் மறுத்தது நியாயமே. ஆனால் கறுப்பென்பதனாலோ, கடலிலிருந்து வந்ததென்பதனாலோ, மீன் தொட்ட கை தந்ததென்பதனாலோ ஒருவர் முகம் சுளித்தால், அந்த அருவருப்பைப் பக்தியின் கணக்கில் எழுத நான் சம்மதியேன். வலையில் அகப்படும் முதல்தரமான மீனை ஈசனுக்கென்று கடலிலேயே விட்டுவந்த நாகப்பட்டினத்துப் பரதவர் அதிபத்தர் அறுபத்துமூவரில் ஒருவர். இந்த ஊரிலேயே, 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் மகாதீபத்தை ஏற்றும் பரம்பரை உரிமை, ஏரி குளங்களில் மீன் பிடிப்பதைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்த பர்வதராஜ குலத்தாருடையது. அவர்கள் ஏற்றிய சுடர் மேலே தெரிந்த பிறகே கீழே ஆயிரமாயிரம் வீடுகளில் அகல் எரிகிறது.

தீபம் பதினோரு நாள் எரிந்து அடங்கிய பின், கொப்பரையைக் கீழே இறக்கிக் கொண்டுவந்து, நெய்யும் திரியும் எரிந்து படிந்த கரியைத் திரட்டித் தீப மை சேர்க்கிறார்கள். மார்கழித் திருவாதிரையன்று அந்த மை முதலில் நடராஜப் பெருமானின் நெற்றியில் சாத்தப்படுகிறது; அதன் பிறகு பக்தர்களுக்குப் பிரசாதமாக வழங்கப்படுகிறது.