இரவல் பாட்டு

எங்கள் அறையில் இரண்டு அட்டைப்பெட்டிகள் கிடக்கின்றன. ரெஸ்ரோரண்ட் கிடங்கிலிருந்து நாங்களே தூக்கிவந்த தக்காளிரின் பெட்டிகள். இரண்டுக்குள்ளும் கசெற்றுகள், எண்ணிப் பார்த்ததில் 114. சொந்தக்காரர் எங்களோடு அறையில் இருந்த அண்ணை. அண்ணை என்பது வாய்ப்பழக்கம். எங்களைவிட முப்பது வயது மூத்தவர். 1986 இல் பாரிசுக்கு வந்தவர். வேலையை விட்டு இலண்டனில் மகளோடு போய் இருப்பதென்று முடிவெடுத்தபோது மகள் போனில் சொல்லிவிட்டாள்: "அப்பா, அந்தக் குப்பையளைக் கொண்டு வராதேங்கோ. எல்லாப் பாட்டும் போனிலை கிடக்கு."

அவள் சொன்னது பொய்யல்ல. அதுதான் எங்களுக்குப் பிரச்சினை.

"தம்பியவை, வைச்சிருக்க விருப்பமெண்டால் வைச்சிருங்கோ. இல்லாட்டி எறியுங்கோ" என்று சொல்லிவிட்டு அண்ணை போய்விட்டார். மூன்று பேர் படுக்கும் அறையில் இரண்டு பெட்டி என்பது சின்ன விடயமல்ல. வைத்திருப்பதா எறிவதா என்று கோப்பை கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று இரண்டு மாதம் வாதாடினோம். இது அந்த வாதாட்டம்தான்.

இன்று குசினியில் எங்களுக்குப் பாட்டுக்குக் குறைவில்லை. குழாய்க்கு மேலே பொலித்தீன் பையில் கட்டித்தொங்கும் போன் இரவு பன்னிரண்டு மணிவரை பாடுகிறது. மாதாமாதம் ஒரு தொகை கட்டினால் போதும். ஆனால் போன வருடக் குளிர்காலத்தில் எங்களில் ஒருவனுடைய றெசிப்பிசே (விசா புதுப்பிக்கும்வரை தரும் தற்காலிகப் பத்திரம்) காலாவதியாகிவிட்டது. அலுவலகத்தில் சந்திப்புக்கு நாள் கிடைக்கவில்லை. பத்திரமில்லாமல் வேலைக்கு வராதே என்றார் முதலாளி. சம்பளம் நின்றது. வங்கியில் காசில்லாததால் பாட்டுக்கான சந்தாவும் நின்றது. மெற்றோவில் கேட்பதற்கென்று இறக்கி வைத்திருந்த பாடல்களெல்லாம் ஒரே நாளில் பூட்டிக்கொண்டன. "உன்ரை பாட்டுக்கும் றெசிப்பிசே முடிஞ்சுதோ?" என்று பகிடி பண்ணினோம். பகிடிதான். ஆனாலும் அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது: நாங்கள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தது பாட்டையல்ல, கேட்பதற்கான அனுமதியை. அனுமதி என்றால் என்னவென்று அகதிக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

அனுமதி தருபவருக்கே அனுமதி இல்லாமல் போகலாம். 2022 ஜனவரியில் நீல் யங் என்ற கனடியப் பாடகர், தடுப்பூசி பற்றிய பொய்களைப் பரப்ப இடம்கொடுக்கிறார்கள் என்று கோபித்துத் தன் பாடல்களை ஸ்பொட்டிஃபையிலிருந்து எடுப்பித்தார். 2024 மார்ச்சில்தான் திரும்பக் கொண்டுவந்தார். அவருடைய கோபம் நியாயமாக இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு வருடமும் அவருடைய பாட்டில்லாமல் இருந்தது யார்? அவருடைய இசைத்தட்டை அலுமாரியில் வைத்திருந்தவர் அல்ல. இன்னும் மோசமானது 2009 யூலையில் நடந்தது. காசு கொடுத்து வாங்கிய ஓர்வெல்லின் '1984' நாவலை, வாசகர்களின் கிண்டில் கருவிகளுக்குள்ளிருந்து அமேசன் அழித்தது. காசைத் திருப்பிக் கொடுத்தது. அழிப்பதற்கு வேறு புத்தகம் கிடைக்கவில்லையா!

அந்த யூலையில் எங்களில் இருவர் மெனிக்பாம் முகாமில் இருந்தோம். எங்களிடம் அழிப்பதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

ஆகவே, 'பொருளாக வாங்கு, கையில் வைத்திரு, அதுவே உன்னுடையது' என்று சொல்பவர்களோடும் எங்களுக்குக் கணக்கிருக்கிறது. அப்படிச் சொல்பவர்களிடம் அலுமாரி இருக்கிறது. அலுமாரி நிற்கச் சுவர் இருக்கிறது. அந்தச் சுவர் நாளைக்கும் அங்கேயே நிற்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. எங்களில் ஒருவனுடைய அப்பா, புதுக்குடியிருப்பிலிருந்து வெளிக்கிட்ட அன்று ரேப் றெக்கோடரையும் கசெற்றுகளையும் பொலித்தீனில் சுற்றி வளவுக்குள் தாட்டார். 2012 இல் அக்கா போய்க் கிண்டிப் பார்த்தபோது பெட்டி இருந்தது, பாட்டு இல்லை. கசெற் நாடாவே இரும்பின் துருவைப் பூசிச் செய்வதுதான். மண்ணுக்குள் அது தன் இனத்தோடு சேர்ந்துவிட்டது. உலகத்தின் எந்த மூலையில் இறங்கினாலும் ஒரு போனும் ஒரு கடவுச்சொல்லும் இருந்தால் பாட்டுத் திரும்பிவரும் என்பது, வெறுங்கையோடு ஓடியவர்களுக்கு லேசுப்பட்ட வரமல்ல.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். அண்ணையின் 114 கசெற்றில் கம்பனிக் கசெற் ஒன்பதுதான். மற்றதெல்லாம் ஊரில் றெக்கோடிங் பாரில் பட்டியல் எழுதிக்கொடுத்துப் பதிந்தவையும், இங்கே ஆளுக்காள் பிரதி எடுத்தவையும். பக்கத்துக்கு முப்பது நிமிடம். கடைசிப் பாட்டு சரணத்தில் அறுந்துநிற்கும். அந்தக் காசு றெக்கோடிங் பார்காரருக்கும், வெற்றுக் கசெற் செய்த யப்பான்காரனுக்கும் போனது. இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் சல்லிக்காசு போகவில்லை. 2017 மார்ச்சில் இளையராஜா, தன் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாதென்று எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்குச் சட்ட அறிவித்தல் அனுப்பியபோது குசினியே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. நாங்கள் எல்லோரும் பாடகரின் பக்கம். எங்கள் பெட்டிகளுக்குள் கிடப்பவை யாருடையவை என்று ஒருவரும் கேட்கவில்லை. நீதியின் தராசில் வைத்தால், கொஞ்சமாவது காசு போய்ச்சேரும் ஸ்ட்ரீமிங்கைவிட எங்கள் 'சொந்தம்' கீழேதான் இறங்கும்.

எங்களில் ஒருவன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு மெய்யியலை விட்டுவிட்டு வந்தவன். பாதிப் படிப்புக்கு எங்கேயும் மரியாதையில்லை, குசினியில் உண்டு. ஜோன் லொக் என்ற ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டில் சொன்னதாக அவன் சொன்னான்: ஒருவர் தன் உழைப்பை எதனோடு கலக்கிறாரோ அது அவருக்கு உடைமையாகிறது. உடனே எங்களுக்கு ஞாபகம் வந்தது சைக்கிள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, இடையில் டயோட் போட்டு ரேப்புக்குக் கொடுப்போம். டைனமோவும் 6 வோல்ற், நாலு பற்றறி ரேப்பும் 6 வோல்ற். கை களைத்தால் பாடகரின் குரல் இழுபட்டுக் கிழவனாகும். லொக்கின் கணக்கில் பெடலைச் சுற்றிய பெடியனுக்கே பாட்டுச் சொந்தம்! ஆனால் சுற்றும் சத்தத்தில் அவனுக்குத்தான் பாட்டுக் கேட்காது.

பெட்டிகளைக் கிளறியபோது இன்னொன்று தெரிந்தது. கசெற் உறைகளில் எட்டுப் பத்துப் பேருடைய கையெழுத்து. ஒன்றில் 'திருப்பித் தரவும்' என்று சிவப்பு மையில் கோபமாக எழுதியிருந்தது. அண்ணை திருப்பிக் கொடுக்கவில்லை. வேறொன்று யாரோ கலியாணத்துக்குக் கொடுத்தது. இரவல் வாங்கியது, கொடுத்துத் திரும்பாதது, சுட்டது, அன்பளித்தது. இதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த 114. போனில் நாங்கள் ஒருவருக்கொருவர் அனுப்புவது பாட்டின் முகவரியை மட்டும்; வாங்குபவர் தன் அனுமதியைத் தானே எடுக்கவேண்டும். ரீடிஜி வழக்கில் 2018 டிசம்பரில் ஓர் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், காசு கொடுத்து இறக்கிய பாட்டைக்கூட அந்த நிறுவனத்தின் வழியாக இன்னொருவருக்கு விற்பது செல்லாது என்றது. கணினியில் கைமாற்றுவது என்றால் புதுப் பிரதி எடுப்பது என்பது நியாயம். இறந்துபோனவரின் பாட்டுப் பட்டியலை யாரும் வந்து பிரித்து எடுத்துப்போவதில்லை. நாங்கள் வந்து நின்ற இடம் இது: எங்களால் வைத்திருக்க முடிகிறதா என்பதல்ல, கொடுக்க முடிகிறதா என்பதே எங்களுக்கு முக்கியமாகப்பட்டது. காணியும் வீடும் விட்டுப்போக வழியில்லாதவர்களுக்கு ஒரு கசெற்றாவது கைமாறவேண்டாமா?

எங்களில் இளையவன் மட்டும் உடன்படவில்லை. "அண்ணை உங்களுக்குத் தந்தது பாட்டில்லை, பாரம்" என்றான். அவனுடைய கட்டிலுக்குக் கீழேதான் இடம் இருந்தது.

பிறகு ஒரு ஞாயிறு, மொந்த்ரேய் பழைய சாமான் சந்தையில் பத்து ஈரோவுக்கு ஒரு ரேப் வாங்கிவந்தோம். போட்டு எறியக் கூடியவற்றைப் பிரிப்பதற்காகத்தான். நாலாவதோ ஐந்தாவதோ கசெற்றில் பாட்டு நடுவில் அறுந்தது. சேவல் கூவியது. ஒரு வயதான மனிசியின் குரல்: தம்பி, சாப்பாடு சமைக்கிறியோ, குளிருக்கு உடுப்பு இருக்கோ, இது 91 ஆவணி, கொழும்புக்குப் போறவரிட்டைக் குடுத்துவிடுறன். போகப்போக அந்தக் குரல் மெலிந்து, உச்சத்துக்கு ஏறி, சின்னப்பிள்ளையின் குரலாகியது. ஏனென்று எங்களுக்கு உடனே பிடிபடவில்லை. டைனமோ. சுற்றிய பெடியன் களைத்து நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. பாரிசில், சீரான மின்சாரத்தில், அது வேகமாகப் பேசுகிறது. "பெடியன் களைச்சுப் போனான், நிப்பாட்டுறன்" என்பதோடு பாட்டுத் திரும்பவும் தொடங்கியது.

அண்ணைக்குப் போன் எடுத்தோம். (இதை எழுதுவதற்கும் அவரிடம் கேட்டோம்.)

"தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அது கிடக்கிறதாலைதான் விட்டிட்டு வந்தனான்."

இளையவன் போனை வாங்கி, அதைப் பதிந்து அனுப்பட்டோ என்று கேட்டான். வேண்டாம் என்றார் அண்ணை. வைக்கும்போது, "எறிஞ்சு போடாதேங்கோ" என்றார்.

பெட்டிகள் இப்போது இளையவனின் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. அவன் தன்னுடைய சப்பாத்துகளைக் கதவடிக்கு மாற்றிவிட்டான்.