ஒற்றுமையும் அறமும்

நான்கு எருதுகளும் சிங்கமும் என்னும் கதையைக் கேளாத தமிழ்ப்பள்ளி மாணவர் அரியர். கூடி நின்றவரை எருதுகளை வெல்லவியலாத சிங்கம், பிரிந்தபின் ஒவ்வொன்றாய்க் கொன்று தின்றது. கேட்கும் சிறுவரின் பரிவு எருதுகளின்பால் செல்வது இயல்பே. ஆனால், கூடி நிற்பவை நோய்க்கிருமிகளாயின்?

ஹாலந்து நாட்டு லீவன்ஹூக் 1680களில் தம் பற்களில் படிந்திருந்த அழுக்கைச் சுரண்டி உருப்பெருக்கியில் நோக்கினார், நுண்ணுயிர்கள் நெளிந்தன. காடியால் வாய் கொப்பளித்தபோதோ, படிவின் மேற்புறத்தில் இருந்தவையே மடிந்தன, உள்ளிருந்தவை பிழைத்தன. அத்தகைய படிவு இன்று உயிர்ப்படலம் எனப்படுகிறது. பாக்டீரியாக்கள் பசை போன்ற பொருளைச் சுரந்து அதனுள் கூடி வாழ்கின்றன. தனித்து மிதக்கும் கிருமியைக் கொல்லும் மருந்து இப்படலத்திடம் பெரும்பாலும் தோற்றுப்போகிறது.

சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் கிருமி, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயுற்றோரின் நுரையீரலில் இவ்வாறே குடியேறுகிறது. ஒவ்வொரு கிருமியும் ஒரு சமிக்ஞைப் பொருளை வெளியிடுகிறது. அது செறிந்ததும், புரதத்தைச் சிதைக்கும் நொதிகளை அனைத்தும் ஒருங்கே சுரக்கின்றன. கிடைக்கும் உணவோ பொதுச்சொத்து. பொதுச்சொத்து உள்ள இடத்தில் உழைக்காது உண்போரும் தோன்றுவர் அன்றோ? சமிக்ஞைக்குச் செவிசாய்க்காத கிருமிகள், நொதி சுரவாமலே பிறவற்றின் உழைப்பில் பெருகுவதை 2007-ஆம் ஆண்டு வெளியான ஆய்வுகள் காட்டின. அவை மட்டுமே எஞ்சினால் வளர்ச்சி குன்றும்.

எனவே, அத்தகைய சோம்பேறிகளையே உட்புகுத்திக் கூட்டத்தைக் குலைக்கலாமா என்றும் அறிஞர் சிலர் எண்ணினர். ஆஸ்திரேலியக் கடலோரச் செம்பாசியான டெலிசியா புல்க்ரா, கிருமிகளின் சமிக்ஞையைத் தடுக்கும் பொருளைத் தானே கொண்டுள்ளது. வரலாற்று வகுப்பில் பழிக்கப்படும் பிரித்தாளும் சூழ்ச்சி, நோயாளியின் படுக்கையருகே கருணையாகிவிடுகிறது. சிங்கத்தின் வேலையை மருத்துவர் செய்கிறார். ஆனால் அவ்வேலை எளிதன்று. செவிசாய்க்காத கிருமிகள் நோயாளிகளின் நுரையீரலில் தாமாகவே தோன்றுகின்றன; நோயோ நீங்குவதில்லை. ஒற்றுமை குலைந்தாலும் பகைமை குலைவதில்லை போலும்!

அவ்வாறாயின் கூடுதலே தீதோ? ஹவாய்க் கடலின் சிறு கணவாய் ஒன்றின் உடலில் விப்ரியோ ஃபிஷரி என்னும் பாக்டீரியா வாழ்கிறது. அதுவும் சமிக்ஞை செறிந்த பின்னரே செயற்படுகிறது. ஆனால் அதன் செயல் ஒளிர்தல். அவ்வொளியால் கணவாய் இரவில் தன் நிழலை மறைத்துக்கொள்கிறது. பாக்டீரியாவுக்கு உணவும் உறைவிடமும் கிட்டுகின்றன. ஆயினும், விடியுந்தோறும் அவற்றுள் பெரும்பகுதியைக் கணவாய் கடலில் வெளியேற்றிவிடுகிறது.