துணியின் பின்பக்கம்

அம்மாவின் கல்யாணப் புடவை காஞ்சிபுரம் கோர்வைப் பட்டு. அரக்கு உடல், கிளிப்பச்சைக் கரை. உடலும் கரையும் சேரும் இடத்தில் கட்டைவிரலை ஓட்டினால் மெல்லிய மேடு ஒன்று தட்டும். திருப்பிப் பார்த்தால் அரக்கு ஊடையும் பச்சை ஊடையும் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொண்டு போவது தெரிகிறது. கோர்வைக்கு மூன்று நாடா வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. நெய்கிறவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, ஒரு கரையின் நாடாவை வாங்கி வாங்கித் தர வேண்டும். ஒரு புடவைக்குள் இரண்டு பேரின் கைகள்! இத்தனை காலம் அதை ஒருவர் நெய்ததாகவே நினைத்துப் பார்த்து வந்திருக்கிறோம்.

*

பட்டை அதே மடிப்பில் வருடக்கணக்கில் வைத்தால் மடிப்புக் கோட்டிலேயே இற்றுவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி, பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வைக்கிறேன். அந்துருண்டை வைப்பதில்லை, அது பட்டால் சரிகை கறுத்துவிடும். நல்ல சரிகை என்பது தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைப் பட்டு இழையில் சுற்றித் தங்க முலாம் பூசியது. தெருவில் பழைய பட்டுப்புடவைக்காகக் குரல் கொடுத்துப் போகிறவர்கள் அந்த வெள்ளிக்காகத்தான் வருகிறார்கள். துணியை எரித்துவிட்டு அதை எடுப்பார்கள். கைமுடையில் இருப்பவர்கள் கொடுப்பதில் குற்றமே இல்லை. ஆனால் வெள்ளியின் விலையில் அந்தக் கோர்வை சேர்வதில்லையே என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.

*

இப்போது மடியில் இருப்பது பெரியம்மா பாதியில் விட்டுப்போன மேசை விரிப்பு. மேட்டி துணியில் கிராஸ் ஸ்டிச், மூலைக்கு ஒரு ரோஜாக் கொத்து. மூன்று மூலை முடிந்திருக்கிறது. நாலாவதில் காம்பு மட்டும் இருக்கிறது. ஊசி குத்தியபடியே இருந்த இடத்தில் துருப் புள்ளி.

முன்பக்கத்தில் ரோஜா வெளுத்த செங்கல் நிறம். பின்பக்கத்தில் நல்ல குங்குமச் சிவப்பு. வெளிச்சம் படாத பக்கம், வாங்கிய அன்றைய நிறத்தை அப்படியே வைத்திருக்கிறது.

நூல் வாங்க எந்தப் பக்கத்தைக் காட்டுவது? முன்பக்கத்துக்குப் பொருத்தினால் இன்றைக்கு நாலும் ஒன்றுபோல இருக்கும். நாளைக்கு என் ரோஜா மட்டும் இன்னும் வெளுத்துத் தனியாக நிற்கும். சாயம் பொதுவாக முதலில் வேகமாக வெளுக்கும், பிறகு நிதானப்படும். பின்பக்கத்தைக் காட்டியே வாங்கினேன். பெரியம்மா தேர்ந்தெடுத்தது அந்தச் சிவப்பைத்தான். வெளுத்த நிறம் காலம் தேர்ந்தெடுத்தது.

*

கிராஸ் ஸ்டிச்சில் மேலே விழும் இழை எல்லாக் கட்டத்திலும் ஒரே பக்கம் சாய வேண்டும். பெரியம்மாவின் மேல் இழை இடது கீழிலிருந்து வலது மேலுக்குப் போகிறது. என் கைக்குப் பழக்கம் அதற்கு நேர் எதிர். சாய்வு மாறினால் ஒரே சிட்டத்து நூல்கூட வேறு நிறம்போலத் தெரியும், வெளிச்சம் விழும் விதம் அப்படி. அதனால் அவர் சாய்விலேயே போடுகிறேன். முதல் வரி முழுக்கக் கை தடுமாறியது. பிறகு தானாக வந்தது.

அவருடைய பின்பக்கத்தில் முடிச்சே இல்லை. நூல் நுனியைப் போட்ட தையல்களுக்கு அடியில் செருகி நறுக்கியிருக்கிறார். முடிச்சு இருந்தால் இஸ்திரி போடும்போது மேலே புடைத்துத் தெரியும். ஒரே ஒரு இலையில் மட்டும் நாலைந்து கட்டம் தாண்டி நூலை நீளமாக இழுத்திருக்கிறார். அன்று அடுப்பில் பால் இருந்திருக்கலாம், வாசலில் யாராவது கூப்பிட்டிருக்கலாம். அந்த நீட்டு இழையைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதிவைத்த கடிதம் எதுவும் அவரை இவ்வளவு பக்கத்தில் கொண்டுவரவில்லை.

*

பூ முடிந்தால் வேலை முடிந்துவிடுவதில்லை. பீரோக்களில் கிடப்பவற்றில் பாதி, பூவெல்லாம் முடிந்து ஓரம் மடிக்காமல் நின்றுபோன துணிகள்தான். ஓரத்தில் நிறம் இல்லை, யாரும் பாராட்டப்போவதும் இல்லை. எனக்கோ இப்போதெல்லாம் அதுதான் பிடித்திருக்கிறது. மூலையை முதலில் முக்கோணமாக உள்ளே மடித்து, பிறகு இரண்டு பக்கத்தையும் மடித்தால் சாய்வான ஒரு கோட்டில் இரண்டும் சந்திக்கின்றன. அந்தக் கோட்டைக் கண்ணுக்குத் தெரியாத சின்னத் தையலால் மூடும்போது மனதில் வேறொன்றும் இல்லை.

நனைப்பதற்கு முன் ஈரமான வெள்ளைத் துணியைச் சிவப்பு நூல்மேல் அழுத்திப் பார்த்தேன். ஒட்டவில்லை. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசினேன், முறுக்கிப் பிழியவில்லை. தடிமனான துவாலைமேல் பூப்பக்கம் கீழே இருக்கும்படி விரித்து இஸ்திரி போட்டதில் தையல்கள் அமுங்காமல் நின்றன. துருப் புள்ளி கொஞ்சம் தெரிகிறது, இருக்கட்டும்.

இதைக் கண்ணாடிச் சட்டத்தில் போடச் சொல்கிறாள் தங்கை, சாம்பார் சிந்திவிடுமாம். சாப்பாட்டு மேசைக்கென்று தைத்தது இது. மஞ்சள் கறை நல்ல வெயிலில் கிடந்தால் தானே வெளுக்கும். வருகிற ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு இதைத்தான் விரிக்கப்போகிறோம்.