சுவை வேறுபாடும் அறத்தீர்ப்பும்: ஒரு சாகச நாவல் பற்றிய சில சிந்தனைகள்

ஒரு நூலைப் பற்றி இருவர் முரண்பட்ட கருத்துக் கூறுமிடத்து, 'அஃது அவரவர் சுவை' என்று சொல்லி விவாதத்தை முடித்துவிடுதல் எளிது. இம்முடிவு நாகரிகமானதாகத் தோன்றினும் சிந்தனைக்கு இடந்தராதது. கறியின் உறைப்புப் பற்றிய வேறுபாடும், ஒரு நூல் மனிதரைக் காட்டும் முறை பற்றிய வேறுபாடும் ஒரே தன்மையனவா? இவ்வினாவைப் பேரிலக்கியங்களைக் கொண்டு ஆராய்வதே வழக்கம். ஆயின், பொழுதுபோக்கிற்கென எழுதப்பட்ட சாகச நாவலொன்று இதனை மேலும் கூர்மையாக எழுப்புகின்றது.

2025 இல் மறைந்த ஆங்கில எழுத்தாளர் பிரெடரிக் போர்சைத், 'த டே ஒஃப் த ஜக்கால்' என்னும் நாவலை 1971 இல் வெளியிட்டார். அல்ஜீரியாவின் விடுதலைக்கு வழிவிட்டமைக்காகப் பிரெஞ்சுச் சனாதிபதி டி கோலை மன்னியாத இரகசிய இராணுவ அமைப்பினர் அவரைக் கொல்ல முயன்றமை வரலாறு. 1962 ஆகஸ்ட் 22 இல் பாரிசின் புறநகரொன்றில் அவரது கார்மீது குண்டுகள் பாய்ந்தன. அவர் உயிர் தப்பினார். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய பஸ்தியன் தீரி 1963 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். இதற்குப் பின்னரே கற்பனை தொடங்குகின்றது. அவ்வமைப்பு அரை மில்லியன் டொலருக்கு ஓர் அந்நியக் கொலைஞனை அமர்த்துகின்றது. 'நரி' என்பது அவனது மறைபெயர். டி கோல் 1970 இல் தம் இல்லத்தில் இயற்கை மரணம் எய்தியவராதலின், முயற்சி தோற்கும் என்பதை வாசகர் முதற்பக்கத்திலேயே அறிவர். அறிந்தும் மூச்சடக்கி வாசிக்கின்றனர்.

இந்நாவலைப் பற்றிய கருத்துக்களை மூன்றாக வகுக்கலாம். பொய்க் கடவுச்சீட்டுப் பெறும் முறை, துப்பாக்கி உருவாகும் விதம், எல்லை கடக்கும் தந்திரம் ஆகியவற்றை ஒரு பத்திரிகையாளனின் நுணுக்கத்துடன் கூறுவதால் இது சிறந்தது என்பர் ஒருசாரார். பாத்திரங்களுக்கு அகவாழ்வு இல்லை. இறுதிவரை கொலைஞனின் உண்மைப் பெயர்தானும் தெரியவில்லை. ஆதலின் இது நாவலே அன்று என்பர் மற்றொரு சாரார். கொலைஞனின் பக்கம் நம்மை நிறுத்துவதால் இது தீய நூல் என்பது மூன்றாவது கருத்து.

முதலிரண்டும் உண்மையில் மோதுவன அல்ல. அவை வெவ்வேறு அளவுகோல்களைக் கொண்டு அளக்கின்றன. அவலநாடகத்தை ஆராய்ந்த அரிஸ்டோட்டில் கதைக்கோப்பை முதலாவதாகவும் பாத்திரத்தை அதற்கு அடுத்ததாகவும் வைத்தார். மேலும், தன் தொழிலன்றி வேறெதுவும் ஆகாத ஒருவனைக் காட்டுமிடத்து அகவாழ்வின்மையே அவனைப் பற்றிய செய்தியாகி விடுகின்றது. ஆகவே ஒரே வாசகர் இவ்விரு கருத்துக்களையும் ஒருங்கே கொள்ளுதல் கூடும்.

மூன்றாவது கருத்தை இவ்வாறு தீர்த்தல் இயலாது. இறுதிக் காட்சியில், பதக்கம் சூட்டிய முதியவரை முத்தமிட டி கோல் தலை சாய்க்கின்றார், குண்டு தவறிவிடுகின்றது. அக்கணத்தில் என் நெஞ்சில் எழுந்தது ஆறுதலன்று, சிறியதோர் ஏமாற்றம். இதனை ஒப்புக்கொள்ளாது இவ்வினாவை நேர்மையாக ஆராய்தல் இயலாது. நூலுக்காக வாதாடுவோர், துப்பறியும் அதிகாரி லெபலின் பொறுமையையும் ஆசிரியர் அதேயளவு கவனத்துடன் காட்டுகின்றார் என்பர். அரசின் உளவுத்துறையினர் ஒருவனைச் சித்திரவதை செய்து தகவல் பெறுவதும் மறைக்கப்படவில்லை. ஆசிரியர் எப்பக்கமும் சாரவில்லை என்பர். எதிர்ப்பவரோ, சாராமையே குற்றம் என்பர். சுவையின் அளவுகோல் பற்றி 1757 இல் எழுதிய டேவிட் ஹியூமும், தீயொழுக்கத்தைக் கண்டனமின்றிக் காட்டுதல் படைப்புக்கே குறையாகும் எனக் கருதினார்.

இவ்விடத்தில் தொல்காப்பியரின் மெய்ப்பாட்டுப் பகுப்பு நமக்கு உதவுகின்றது. அவர் மருட்கையையும் பெருமிதத்தையும் வேறுபடுத்தினார். புதுமையும் பெருமையும் போல்வன கண்டு எழும் வியப்பு மருட்கை. கல்வி, தறுகண், புகழ், கொடை என்பவற்றால் எழுவது பெருமிதம். நரியின் திறமை நம்மிடம் எழுப்புவது மருட்கையே. அதனைப் பெருமிதமென மயங்கும்போதே நாம் அவனது வெற்றியை விரும்பத் தொடங்குகின்றோம். திறமையை வியத்தல் குற்றமன்று. வியப்பைத் தீர்ப்பாகக் கொள்ளுதலே குற்றம்.

இம்மயக்கத்திற்குச் சான்று டி கோல் அல்லர். அவர் தப்புவார் என்பதை அறிவோம். அவருக்காக அஞ்சவேண்டிய தேவை நமக்கில்லை. ஆனால் நரிக்கு இடங்கொடுத்த பெண்ணொருத்தி அவன் கையாலேயே மடிகின்றாள். தன் வீட்டில் அவனைத் தங்கவைத்த ஆடவனும் அவ்வாறே மடிகின்றான். இவர்களுக்காக நாம் எவ்வளவு நேரம் தரித்து நின்றோம்? அவன் கதவை மூடிச் சென்றதுபோல் நாமும் பக்கத்தைப் புரட்டிச் சென்றோம் அல்லவா? இரங்கத் தரித்து நிற்காதபடி வேகத்தை அமைத்தவர் ஆசிரியர். அவ்வேகத்திற்கு உடன்பட்டவர் நாம். பொறுப்பு இருவருக்கும் உரியது.

ஆகவே நூலைப் பற்றிய கருத்து, நூலோடு வாசகரையும் வெளிப்படுத்துகின்றது. இந்நாவலைத் தடைசெய்ய வேண்டுமென்பதோ, அது வெறும் விளையாட்டென்பதோ என் முடிவன்று. நமது இரக்கம் எவ்வளவு எளிதாகத் திசைதிருப்பப்படும் என்பதைப் பாதிப்பின்றிக் கற்றுக்கொள்ள அது வாய்ப்பளிக்கின்றது. நாவலுக்கு வெளியேயும், திறம்படச் செய்யப்பட்ட கொடுமைகள் வியப்போடு பேசப்படுவதுண்டு. அங்கு மருட்கையையும் பெருமிதத்தையும் பிரித்தறியத் தவறுவோமாயின், அதனை 'அவரவர் சுவை' என்று விட்டுவிடுதல் இயலாது.