மகிழ்ச்சி யாருக்கு உரியது?

"துன்பத்திலும் மகிழ்ந்திரு" என்பது சொல்லுதற்கு எளிய அறவுரை, கடைப்பிடித்தற்கு அரியது. சொல்பவர் யார், கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து அதுவே அருள்மொழியாகவும் அமையும்; கொடுமொழியாகவும் அமையும். வயிறு நிறைந்தவன் பசித்தவனைப் பார்த்து அவ்வாறு கூறின் அஃது அறமன்று. பசித்தவன் தன் நெஞ்சிற்குத் தானே கூறிக்கொள்வானாயின் அதனைப் பழிக்க எவருக்கும் உரிமை இல்லை. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாட்டை அறியாதார் பலர். சமயம் பேசுவோரும் அதனை மறப்பதுண்டு. சமயத்தை மறுப்போரும் மறப்பதுண்டு.

கெடா மாநிலத்தின் தோட்டப்புறங்களில் இவ்வினா ஏட்டளவில் நின்றதன்று. கூலிம், பாடாங் செராய், பீடோங், சுங்கைப் பட்டாணி ஆகிய வட்டாரங்களுக்கு ரப்பர் மரம் சீவ வந்த தமிழருள் கத்தோலிக்கரும் இருந்தனர். விடியலுக்கு முன்னரே பெரட்டுக்குச் செல்ல வேண்டும். பொழுது ஏற ஏறப் பாலின் ஒழுக்குக் குறையும். ஆதலின் இருள் பிரியும் முன்னரே மரத்தில் உளி பட வேண்டும். மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் வார்த்துத் தோளில் சுமந்து நிறைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலியும் இல்லை. இத்தனைக்கும் பின், மாலையில் லயத்து வீட்டில் விளக்கேற்றி, பிள்ளைகளை அருகில் அமர்த்திச் செபமாலை சொல்லிய தாய்மார் அங்கே இருந்தனர். அவர்கள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அத்தெளிவு மெய்யான மகிழ்ச்சியா, வேறு வழியின்றி ஏற்றுக்கொண்ட அமைதியா என்பதே இங்கு ஆராயத் தக்க வினா.

இல்லறத்தார்க்கு ஒரு சபை

இவ்வினாவிற்கு விடை தேடுவார்க்குக் கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய மரபு ஒன்று துணைசெய்யும். அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் 1226-ஆம் ஆண்டில் மறைந்தவர். அவரைப் பின்பற்றித் துறவு பூண்ட ஆண்கள் முதற் சபையாயினர். புனித கிளாராவைப் பின்பற்றிய கன்னியர் இரண்டாம் சபையாயினர். ஆனால் மனைவி மக்களோடு வாழ்ந்தோரும், கடை நடத்தியோரும், ஏர் உழுதோரும் அவ்வழியில் நடக்க விழைந்தனர். அவர்களுக்கென 1221-ஆம் ஆண்டில் ஒரு வாழ்க்கை ஒழுங்கு தொகுக்கப்பெற்றது. அதுவே மூன்றாம் சபையின் தோற்றுவாய். 1289-இல் திருத்தந்தை நான்காம் நிக்கோலாஸ் அதற்குச் சட்ட வடிவம் அளித்தார். 1883-இல் பதின்மூன்றாம் லியோ அதனை எளிமையாக்கினார். 1978-இல் ஆறாம் பவுல் இக்காலத்திற்கு ஏற்பப் புதிய ஒழுங்கினை வழங்கினார். கார்மேல் சபைக்கும் சாமிநாதர் சபைக்கும் இத்தகைய பொதுநிலைக் கிளைகள் உண்டு.

இச்சபையார் இல்லறத்தைத் துறப்பதில்லை. முன்னாளில் ஆடைக்குள்ளே சிறிய உத்தரியமும் இடையில் கயிறும் அணிந்தனர். புறத்தே நோக்குவார்க்கு அவர்கள் ஏனையோரைப் போன்றவரே. ஆயினும் அவர்கள் கொடுத்த வாக்கு வாழ்நாள் முழுமைக்கும் உரியது. வள்ளுவர் இல்வாழ்க்கையைத் துறவுக்குத் தாழ்ந்ததாக வைக்கவில்லை. துறந்தார்க்கும் துணையாய் நிற்பவன் இல்வாழ்வான் என்றே கொண்டார். அந்நெறியில் வளர்ந்த தமிழ் நெஞ்சிற்கு, இல்லத்திலிருந்தே முழுமை பெறலாம் என்னும் இக்கருத்து அயலானதன்று. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும், தூய வாழ்வுக்கான அழைப்பு குருக்களுக்கும் துறவியர்க்கும் மட்டும் உரியதன்று, அனைவர்க்கும் பொதுவானது என்று தெளிவுறக் கூறிற்று.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. 1221-ஆம் ஆண்டின் ஒழுங்கு செபத்தையும் நோன்பையும் மட்டும் விதிக்கவில்லை. கொலைக் கருவிகளைத் தாங்கலாகாது என்றும், தேவையின்றிச் சூளுரைக்கலாகாது என்றும் விதித்தது. அந்நாளில் நகரத் தலைவர்கள் குடிமக்களைச் சூளுரைக்கச் செய்து தம் போர்களுக்கு இழுத்துச் செல்வது வழக்கம். இத்தாலியின் பயென்சா நகரில் இவ்வில்லறத்தார் அதற்கு இணங்க மறுத்தபோது, திருத்தந்தை மூன்றாம் ஹோனோரியுஸ் அவர்களைக் காக்குமாறு ஆயருக்கு மடல் விடுத்தார். மகிழ்ச்சியையே அடையாளமாகக் கொண்ட அம்மக்கள் ஆள்வோருக்குத் தலையாட்டும் கூட்டமாக இருக்கவில்லை. தம்மிடமிருந்து பறித்துக்கொள்ளச் சிறிதே வைத்திருந்தமையால் அவர்கள் அஞ்சாதிருந்தனர். அச்சமின்மையே அவர்தம் மகிழ்ச்சியின் முதல் வேர்.

மூன்றாம் சபையின் காவலியாகப் போற்றப்படும் அங்கேரி நாட்டுப் புனித எலிசபெத்தின் வாழ்வும் இதனையே காட்டும். 1207-இல் அரச குலத்தில் பிறந்து, துரிங்கியா நாட்டுக் கோமகனை மணந்தவர் அவர். உழவரை வருத்திப் பறித்த பொருளால் ஆக்கிய உணவு என அறிந்தால், கணவனோடு ஒரே பந்தியில் அமர்ந்திருந்தும் அதனை உண்ண மறுத்தார். இருபதாம் வயதில் கைம்மை எய்தி, கோட்டையை விட்டுக் குளிர் இரவில் வெளியேறிய நாளில், அருகிருந்த பிரான்சிஸ்கத் துறவியரிடம் சென்று இறைவனுக்கு நன்றிப்பாடல் பாடுமாறு வேண்டினார் என்று அவருடைய பணிப்பெண்கள் சான்று பகர்ந்தனர். பின்னர் மார்பூர்க் நகரில் நோயாளர் இல்லம் அமைத்து, இருபத்து நான்காம் வயதில் உயிர் நீத்தார். அநீதியின் உணவை மறுத்த அதே கைகளே நன்றிக்குக் குவிந்தன. அநீதியை மறுத்தலும் மகிழ்தலும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க.

இன்பமும் மகிழ்ச்சியும்

இன்பம் வேறு; மகிழ்ச்சி வேறு. இன்பம் விலைக்குக் கிடைக்கும். விலை கொடுத்தவனோடு முடியும். மகிழ்ச்சி விலைக்குக் கிடைப்பதன்று. பகிரப் பகிரப் பெருகுவது. ஆறாம் பவுல் 1975-இல் மகிழ்ச்சியைப் பற்றியே தனியொரு மடல் எழுதினார். தொழில்நுட்பச் சமுதாயம் இன்ப வாய்ப்புகளைப் பெருக்க வல்லதாயினும் மகிழ்ச்சியைப் பிறப்பிக்க இயலாது தவிக்கிறது என்பது அதன் கருத்துகளுள் ஒன்று.

கெடாத் தோட்டங்கள் இவ்வேறுபாட்டைப் பட்டறிவால் அறிந்தவை. தோட்டந்தோறும் கள்ளுக்கடை இருந்த காலம் அது. உழைத்துக் களைத்த உடலுக்கு மாலையில் கிடைத்த இன்பம் அது ஒன்றே. காலையில் பால் நிறுத்துப் பெற்ற கூலியில் ஒரு பங்கு மாலையில் அக்கடைக்கே திரும்பிச் சென்றது. 1946, 1947 ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை தோன்றிக் கள்ளுக்கு எதிராகக் கிளர்ந்தது, பீடோங்கை அடுத்த ஹார்வார்ட் தோட்டம் அதன் நடுவிடமாயிற்று, ஏ. எம். சாமி அதனை வழிநடத்தினார். அஃது எச்சமயத்தின் பெயராலும் எழுந்த இயக்கமன்று. ஆயினும், தம்மை அடிமைப்படுத்தும் இன்பத்தை மறுப்பதே விடுதலையின் முதற்படி என்று அத்தோட்ட மக்கள் கண்டுகொண்டனர். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் மூன்றாம் சபையார் ஆடம்பர விருந்துகளையும் விலையுயர்ந்த ஆடைகளையும் மறுத்ததன் உட்பொருளும் இதுவே. மறுப்பு மகிழ்ச்சிக்கு எதிரி அன்று. அதற்கு இடம் ஒழித்துத் தருவது.

மகிழ்ச்சி எத்தகையது என்பதற்கு ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் சான்று கிடைக்கும். கெடாவின் எல்லையை அடுத்த புக்கிட் மெர்தாஜாமில், புனித அன்னம்மாள் ஆலயத்தின் திருநாள் ஜூலை 26. அதற்கெனச் சிறுகச் சிறுகக் காசு சேர்த்துக் குடும்பம் குடும்பமாகச் செல்வோர் தோட்டங்களில் இருந்தனர். அங்கே தமிழரும் சீனரும் யூரேசியரும் மெழுகுதிரி ஏந்தி ஒரே வரிசையில் நடப்பர். பிற சமயத்தாரும் வந்து வணங்குவர். அங்கு எய்தும் களிப்பு ஒருவன் தனக்கென வாங்கி வீட்டிற்கு எடுத்துச் செல்லக்கூடியதன்று. பிறர் இருந்தாலன்றி அஃது இல்லை.

மூடிய கதவு

புனித பிரான்சிஸைப் பற்றிய கதைகளுள் நிறைமகிழ்ச்சி குறித்த கதை பெரிதும் அறியப்பட்டது. பெரூஜியாவிலிருந்து தூய மரியாவின் இல்லத்திற்குக் கடுங்குளிரில் லியோ என்னும் சகோதரருடன் அவர் நடந்து வருகிறார். குருடர்க்குப் பார்வை அளிப்பதும், எல்லா மொழிகளும் அறிவதும், வருவது உரைப்பதும், உலகையே மனந்திருப்புவதும் நிறைமகிழ்ச்சி ஆகா என்று ஒவ்வொன்றாக விலக்குகிறார். மழையில் நனைந்து, குளிரில் விறைத்து, பசியோடு இல்லத்தின் கதவைத் தட்டும்போது, வாயில் காப்போன் தம்மைக் கள்வர் என்று இகழ்ந்து அடித்து விரட்ட, அதனையும் அன்பு குன்றாமல் பொறுப்போமாயின் அதுவே நிறைமகிழ்ச்சி என்கிறார்.

இக்கதையைப் பிழைபட உணர்வார் உளர். அடிபடுவதே மகிழ்ச்சி என்று பிரான்சிஸ் கூறவில்லை. அடியும் பசியும் வந்த இடத்திலும் அன்பு அழியாது நிற்குமாயின், அவ்வழியாமையையே மகிழ்ச்சி என்றார். வள்ளுவர் 'இடுக்கண் அழியாமை' என்று ஓர் அதிகாரத்திற்குப் பெயரிட்டதும் இடுக்கணை வாழ்த்துவதற்காக அன்று. அதன்கண் அழியாத நெஞ்சைப் போற்றுதற்காகவே.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. கதையில் கதவுக்கு வெளியே நிற்பவர் பிரான்சிஸே. மழையில் நனைபவரும் அவரே. உள்ளே நெருப்பருகே அமர்ந்துகொண்டு, வெளியே நிற்பவனைப் பார்த்து "மகிழ்ந்திரு" என்று அவர் கூறவில்லை. வாயில் காப்போன் அச்சொற்களைக் கூறியிருப்பின் கதை அருவருப்பானதாக மாறியிருக்கும். சொல் ஒன்றே, நிற்கும் இடம் அதன் பொருளை மாற்றிவிடுகிறது.

இரு பிழைகள்

ஆதலின் இரு பிழைகளை விலக்க வேண்டும். முதலாவது, மகிழ்ச்சியைப் பிறர்க்கு விதிக்கும் பிழை. 1942, 1943 ஆண்டுகளில் சப்பானியர் சயாம்–பர்மா இரயில்பாதைக்கு மலாயாத் தோட்டத் தமிழரைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டு சென்றனர். கெடாத் தோட்டத்தாரும் அவர்களுள் இருந்தனர். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் பசியும் அவர்களை மாய்த்தன. திரும்பாதவருக்காகக் காத்திருந்த மனைவியிடம் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசத் துணிபவன் மனிதத்தன்மை இழந்தவன். அங்கே செய்யத்தக்கது அருகில் அமர்வது, அரிசி கொண்டு கொடுப்பது, பிள்ளையைத் தூக்கிக்கொள்வது. பிறர் துயரில் அறம் என்பது துயர் துடைத்தலே. துயரை விளக்குதல் அன்று. 1978-ஆம் ஆண்டின் ஒழுங்கும் சபையாரை மகிழ்ச்சியின் தூதுவராக இருக்கச் சொல்வதோடு நில்லாமல், தனித்தும் கூட்டாகவும் நீதிக்காக முன்னிற்குமாறு பணிக்கின்றது.

இரண்டாவது, ஏழையின் மகிழ்ச்சியைப் பொய் என்று தள்ளும் பிழை. "இவள் அறியாமையால் சிரிக்கிறாள், சமயம் இவளை மயக்கிவிட்டது" என்று கூறுவோர் இரக்கத்தால் பேசுவதாக எண்ணுவர். உண்மையில் அவர்கள் அவளிடம் எஞ்சியிருந்த ஒன்றையும் பறிக்கின்றனர். கூலியைக் குறைத்தவன் அவள் உழைப்பின் பயனைப் பறித்தான். சிரிப்பைப் பொய் என்பவன் அவள் உள்ளத்தின் தீர்ப்பையே பறிக்கிறான். லயத்து வீட்டின் ஒரே அறையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துக் கஞ்சி ஊற்றிய தாய் தன் நிலையை அறியாதவள் அல்லள். கூலி எவ்வளவு, கிராணி எழுதியது எவ்வளவு என்பதை அவளைவிட நன்கறிந்தவர் இலர். அறிந்திருந்தும் கொடுத்தாள், கொடுத்தமையால் மகிழ்ந்தாள். அம்மகிழ்ச்சி மயக்கமாயின், தெளிவு எனப்படுவது யாதோ?

அவ்வாறாயின் மெய்ம்மகிழ்ச்சியையும் மரத்துப்போன அமைதியையும் பிரித்தறிவது எங்ஙனம்? ஒன்றே உரைகல். மரத்துப்போன நெஞ்சு பிறர் துன்பத்தையும் உணராது. மகிழும் நெஞ்சு தன் துன்பத்தைத் தாங்கிப் பிறர் துன்பத்தைத் தாங்காது எழும். தன் பசியில் சிரித்த எலிசபெத் உழவரின் பசியில் உண்ண மறுத்தார். எவருடைய மகிழ்ச்சி அடுத்தவர் கண்ணீரைக் காணச் செய்கிறதோ அவருடையது மெய்யானது.

இன்றைய கெடா

தோட்டங்கள் பல இன்று இல்லை. ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. மரம் சீவியவரின் பேரப்பிள்ளைகள் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் தொழிற்சாலைகளில் இரவும் பகலும் முறைமாற்றி வேலை செய்கின்றனர். மாதத் தவணைகள் பெருகியுள்ளன; குடும்பத்தார் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பது அரிதாகிவிட்டது. தோட்டங்களில் ஒரு காலத்தில் தமிழர் நின்ற இடத்தில் அயல்நாட்டுத் தொழிலாளர் பலர் நிற்கின்றனர். கதவுக்கு வெளியே நிற்பவர் முகம் மாறியுள்ளது, கதவு மாறவில்லை.

ஆகவே பொதுநிலையினரின் ஆன்மிக வாழ்வு இன்று எளிதாகிவிட்டது என்று கூற இயலாது. தாத்தா கள்ளுக்கடையை மறுத்தார். பேரன் எதனை மறுக்க வேண்டும் என்பதை அவனே தேர்ந்து காண வேண்டும். பாட்டி பக்கத்து லயத்துப் பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றினாள். பேத்தி தன் பக்கத்து வீட்டில் இருப்பவர் யார் என்று அறிவதிலிருந்தே தொடங்க வேண்டும். வாக்கு அதுவே, அதனை நிறைவேற்றும் இடம் வேறு.

மகிழ்ச்சி யாருக்கு உரியது என்னும் வினாவிற்கு விடை இனித் தெளிவு. கதவுக்கு உள்ளே இருப்பவனுக்கு உரியது கதவைத் திறக்கும் கடமை. வெளியே நிற்பவனுக்கு உரியது மகிழ்ச்சி. அவன் அதனை எய்தினால் அது அவன் வெற்றி. எய்தாவிடினும் அவன்மேல் குற்றம் இல்லை. கதவைத் திறந்து, வெளியே நிற்பவனை உள்ளே அழைத்து, நெருப்பருகே அமர்த்தி, இருவரும் சேர்ந்து உண்ணும் வேளையில் அம்மகிழ்ச்சி இருவர்க்கும் பொதுவாகும்.