கடவுளுக்கு எதற்குக் கோட்டை?

மதுரைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், அழகர்மலையின் அடிவாரத்தில் அழகர்கோயில் என்ற கோட்டை ஊர் இருக்கிறது. வெளிக்கோட்டை, உள்கோட்டை என்று இரண்டு சுற்று மதில். வெளிமதில் பல இடங்களில் சரிந்து, கற்களுக்கிடையே செடி முளைத்துக் கிடக்கிறது. மதுரை நகரைச் சுற்றியிருந்த நாயக்கர் காலக் கோட்டையை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து, அகழியையும் தூர்த்துவிட்டார். அழகர்கோயிலின் கோட்டைக்கு அந்தக் கதி நேரவில்லை.

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையோரக் கோட்டை ஊர்களுக்குப் போகிறவர்களிடம், மதிலுக்குள் இன்ன பிரபு குடியிருந்தார் என்று வழிகாட்டி கதை சொல்வார். இங்கே குடியிருப்பவர் அழகர் என்னும் பெருமாள். உலகையே காப்பவர் என்று அடியார்கள் பாடுகிற ஒருவருக்கு இரட்டை மதில் எதற்கு?

வரலாற்றைக் கேட்டால் பளிச்சென்று பதில் வரும். 1755-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரான் மதுரைச் சீமைக்குப் படையோடு வந்தார். கோயில்குடி என்ற ஊரின் கோயில் வாசலை உடைத்து உள்ளே புகுந்த படையினர், கையில் கிடைத்ததோடு தெய்வத் திருமேனிகளையும் அள்ளிக்கொண்டார்கள். அந்த ஊர் இன்றைய திருமோகூர் என்பது பொதுவான கருத்து. திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்துத் தாக்கினார்கள். ‘சாமி, சாமி’ என்று கத்திக்கொண்டே பாய்ந்து திருமேனிகளை மீட்டதாகக் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதிவைத்திருக்கிறார். ஹெரான் பின்னர் ராணுவ விசாரணைக்கு உள்ளாகி வேலையை இழந்தார். சாமியை மீட்டவர்களின் வாரிசுகளையோ, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே ஆங்கில அரசு குற்றப் பரம்பரைப் பட்டியலில் சேர்த்தது.

ஆக, மதிலுக்குத் தேவை இருந்தது. ஆனால் தேவை இருந்தது என்பது வேறு, தெய்வத்துக்கு அது தகுமா என்பது வேறு. தன் சிலையையே காத்துக்கொள்ளாத சாமி நம்மை எப்படிக் காக்கும் என்று நாத்திகர் கேட்பது இருக்கட்டும், பக்தர் மனத்திலும் அந்தக் கேள்வி ஒரு மூலையில் கிடக்கத்தான் செய்யும்.

வைணவம் இதற்கு வைத்திருக்கும் பதில் மதுரையிலேயே பிறந்தது. பாண்டியன் வல்லபதேவன் அவையில் பொற்கிழி வென்ற பெரியாழ்வார் யானைமீது ஊர்வலமாக வருகிறார். கருடன்மேல் பெருமாள் காட்சி தருகிறார். வேறொருவராக இருந்தால் வரம் கேட்டிருப்பார். ஆழ்வாரோ, இப்படி ஊரறிய வெளியே வந்து நிற்கிறாரே, கண்ணேறு பட்டுவிடுமே என்று பதறிப்போய், பெருமாள் பல்லாண்டு வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறார். திருப்பல்லாண்டு பிறந்த கதை இது. இந்த ஆழ்வாரின் திருவரசு, அதாவது நினைவிடம், இருப்பது அழகர்கோயிலில்தான்.

காக்கிறவனுக்கே காப்பு கட்டுவது அசட்டுத்தனம் இல்லையா? வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் ‘ஸ்ரீவசன பூஷணம்’ நூலில் இதை எடுத்துக்கொண்டு பேசுகிறார். அறிவு மேலோங்கும்போது இறைவன் காப்பவன், உயிர் காக்கப்படுவது. அன்பு மேலோங்கினால் அது அப்படியே தலைகீழாகிவிடும் என்பது அவர் வாதம். மகன் போலீஸ் இன்ஸ்பெக்டரே ஆனாலும், அம்மா அவனுக்குத் திருஷ்டி சுற்றிப் போடுவதை விடுவதில்லை.

இதை எழுதியவர் எழுத்தோடு நின்றுவிடவில்லை. 1323-ல் டெல்லிப் படை ஸ்ரீரங்கத்தை நெருங்கியபோது, முதுமையின் எல்லையில் இருந்த லோகாசாரியர் அக்கோயிலின் உற்சவரான நம்பெருமாளின் திருமேனியோடு தெற்கே கிளம்பினார். யானைமலை அருகே, இன்று கொடிக்குளம் எனப்படும் ஊரில் அவர் உயிர் பிரிந்தது. நம்பெருமாள் அங்கிருந்து அழகர்கோயிலுக்கு வந்து, இந்த மதிலுக்குள் அகதியாகத் தங்கியிருந்தார் என்கிறது மரபு. நம்பெருமாளின் இன்னொரு பெயரான அழகிய மணவாளன் பெயரில் அங்கே ஒரு கிணறு உண்டு. அவர் ஸ்ரீரங்கம் திரும்பியது 1371-ல்.

ஆசாரியர் தந்த பதில் இது. ஊர்க்காரர்களிடம் வேறொரு பதில் இருக்கிறது. அதைப் பார்க்க ராஜகோபுரத்தின் முன்னால் போய் நிற்க வேண்டும். கோபுரவாசலின் ராட்சதக் கதவுகள் மூடியே கிடக்கின்றன. மரம் முழுக்கச் சந்தனம் அப்பியிருக்கிறது. மாலைகள், எலுமிச்சம்பழங்கள், பக்கத்தில் ஆளுயரத்துக்கும் மேலான நேர்த்திக்கடன் அரிவாள்கள். உருவம் எதுவும் இல்லை. கதவுதான் பதினெட்டாம்படிக் கருப்பன். மலையாள தேசத்து மந்திரவாதிகள் 18 பேர் அழகரின் சக்தியைக் களவாட வந்தார்கள், பிடிபட்டார்கள், கொன்று 18 படிகளின் கீழ் புதைக்கப்பட்டார்கள், அவர்களோடு வந்த தெய்வம் அழகரின் அழகில் மயங்கிக் காவலுக்கு நின்றுவிட்டது என்பது கதை. திருட வந்த கூட்டத்தின் சாமியே காவல்காரனாகிவிட்டது. பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் துணிவு வராத இடம் இது. சித்திரையில் அழகர் மதுரைக்குக் கிளம்பும்போது, எடுத்துச்செல்லும் நகைகளின் பட்டியல் கருப்பன் முன்னால் வாசிக்கப்படும். கண்டாங்கி கட்டிக் கள்ளர் வேடத்தில் புறப்படும் எஜமானையும் கணக்குக் கேட்டுத்தான் அனுப்புகிறார் காவல்காரர்!

இரண்டு பதில்களும் அழகானவைதான். ஆனால் இரண்டும் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. சாமிக்குக் காவல் என்று ஒன்று ஏற்பட்டுவிட்டால், யார் திருடன், யார் பக்தன் என்று தீர்மானிக்கிற அதிகாரமும் கூடவே வந்துவிடுகிறது. தமிழ்நாட்டுப் பெருங்கோயில்களின் மதில்கள் படையெடுப்பாளரை எத்தனை முறை தடுத்தனவோ தெரியாது. உழைக்கும் சாதிகளை ஒருநாள் தவறாமல் தடுத்தன. பெரியாழ்வாரின் பதற்றம் பெருமாள்மேல் வைத்த அன்பு. தீட்டுக்குப் பயந்தவர்களும் தங்கள் பயத்தை அன்பு என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். திருப்பல்லாண்டு அடியார் எல்லோரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு பாடுகிறது, வாசலில் நிறுத்தி யாருடைய சாதியையும் விசாரிப்பதில்லை. அந்த வித்தியாசத்தைக் கோயில் நிர்வாகங்கள் கவனிக்க நெடுங்காலம் ஆயிற்று.

1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர் தலைமையில், அதுவரை வாசலில் தடுக்கப்பட்டிருந்தவர்களின் சிறு குழு ஒன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தது. சில அர்ச்சகர்கள் கோயில் தீட்டுப்பட்டுவிட்டதாகப் பூசையை மறுத்தார்கள். ராஜாஜி அரசு கோயில் நுழைவை ஏற்றுச் சட்டம் கொண்டுவந்தது. அன்று உள்ளே சென்றவர்களில் ஒருவர் மேலூர் அருகே தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன். கோட்டைவாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த மக்களில் ஒருவரான அவர், 1963 முதல் 1967 வரை மாநிலத்தின் உள்துறை அமைச்சராக இருந்தார். தமிழ்நாட்டின் காவல்துறை அப்போது அவர் பொறுப்பில் இருந்தது.